சி3ஆர் செய்வதற்கு முன்னால் ஒரு தமிழ்த் தாள் கொடுங்கள்: நெல்லைச் சீமைக் கண் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி வட்டாரத்தில் கருவிழி சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும், கண் மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பாகிற நோய்) என்று சொல்லி ஒரு பிள்ளைக்கு சி3ஆர் (அந்த நோயை நிறுத்துகிற ஒளி சிகிச்சை) செய்ய நாள் குறிக்கும்போது, அந்த வீட்டாரிடம் தமிழில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுங்கள். சிகிச்சை நடக்கும் அன்று காலையில் கையெழுத்துக்காக நீட்டுகிற ஆங்கிலப் படிவத்தை நான் சொல்லவில்லை. சில நாள் முன்னாலேயே வீட்டுக்குக் கொண்டுபோய், படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்க, ஆச்சி வரைக்கும் எல்லோரும் உட்கார்ந்து கேட்கும்படியான தாள். பிள்ளையின் கருவிழி எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன், நோய் கூடிக்கொண்டு போகிறது என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள், எந்த முறையில் எத்தனை நிமிடம் ஒளி வைக்கப்போகிறீர்கள், முதல் வாரத்தில் என்ன நடந்தால் ஓடி வரவேண்டும், ராத்திரி எந்த எண்ணுக்குப் போன் போட்டால் எடுப்பார்கள், இவ்வளவும் அதில் இருக்கவேண்டும்.

நான் முக்கூடலில் மெடிக்கல் வைத்திருப்பவன். மருந்தாளுநர் படிப்புதான், மருத்துவம் படித்தவனில்லை. என் தங்கை மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது இந்த நோய் தெரியவந்தது, சிகிச்சையும் நடந்தது, கண் இன்றைக்கு நிலையாக நிற்கிறது. அதனால் சிகிச்சைக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். "அண்ணாச்சி, பிள்ளைக்கு இதைச் செய்யச் சொல்லுதாங்க, செய்யலாமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம், மருத்துவர் சொல்லிவிட்டால் தள்ளிப் போடாதீர்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். தள்ளிப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அதனால்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கருவிழி என்பது கண்ணின் முன்புறத்தில் இருக்கிற தெளிந்த படலம். நடுவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமன், அவ்வளவுதான். கெரட்டோகோனஸ் வந்தால் அது மெலிந்து, வலுவிழந்து, கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வரும். பெரும்பாலும் பள்ளிக்கூட, கல்லூரி வயதில் தொடங்கும். எழுத்தைச் சுற்றி நிழலடிக்கும், ராத்திரி எதிரே வருகிற பைக் வெளிச்சம் சிதறும், கண்ணாடியின் பவர் மாறிக்கொண்டே இருக்கும், அதிலும் சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகும். பையன் படிக்க மாட்டேன் என்கிறான் என்று வீட்டில் திட்டிக்கொண்டிருப்பார்கள். முற்றிவிட்டால் சாதாரணக் கண்ணாடி போதாது, கடினமான கான்டாக்ட் லென்ஸ் வேண்டும், அதுவும் தாங்காத கட்டத்தில் இன்னொருவர் தானமாகக் கொடுத்த கருவிழியைத்தான் வைக்கவேண்டும். சி3ஆர் இந்த ஓட்டத்தை நடுவழியில் நிறுத்துகிற சிகிச்சை. கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டு, ரைபோஃபிளேவின் என்கிற பி2 வைட்டமின் சொட்டை ஊறவிட்டு, அதன்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். தொய்ந்துபோன நார்க்கட்டிலில் குறுக்கே கயிறு ஓட்டி இழுத்துக் கட்டுவதுபோல, கருவிழிக்குள் இருக்கிற கொலாஜன் இழைகளுக்கு நடுவே புதுப் பிணைப்புகள் உண்டாகி அது விறைப்பாகிறது. போன பார்வை முழுக்கத் திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் இதன் வேலை.

சரி, இது பாதுகாப்பானதா? வீட்டார் இதைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்பதுதான். அந்தப் பதிலோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, எந்த நிபந்தனைகளோடு வந்தது என்பதைச் சொல்லாமல் நம்பிக்கையை மட்டும் கொடுக்கிறீர்களே, அதுதான் என் குறை.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் தியோ சைலர், எபர்ஹார்ட் ஸ்பொர்ல், கிரிகோர் வொல்லென்சாக் ஆகியோர் 1990-களில் இந்த வேலையைத் தொடங்கினார்கள். எடுத்த எடுப்பில் மனிதக் கண்ணில் கை வைக்கவில்லை. பன்றிக் கண்ணில் பார்த்தார்கள், முயல் கண்ணில் பார்த்தார்கள். எவ்வளவு ஒளி உள்ளே போனால் கருவிழியின் உள்பக்கத்து எண்டோதீலியம் செல்கள் சாகின்றன என்று முயலில் அளந்து கண்டுபிடித்தார்கள். அந்தச் செல்கள் மனிதனுக்குப் போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. போதிய அளவு போய்விட்டால் கருவிழி நீர் கோத்து மங்கிவிடும். அதனால் அவர்களுடைய கவலை எல்லாம் அந்த உள்பக்கத்தைப் பற்றித்தான் இருந்தது. 2003-இல் வந்த முதல் மனித ஆய்வில் மொத்தம் 22 பேர், 23 கண்கள். அவ்வளவு சின்ன ஆய்வு. 23 கண்களிலும் நோய் நின்றது, 16 கண்களில் கூம்பு கொஞ்சம் தணிந்தும் வந்தது. கருவிழியின் தெளிவு, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், எண்டோதீலியம் செல்களின் எண்ணிக்கை, கண் அழுத்தம் எதிலும் கெடுதல் தெரியவில்லை.

இந்த முதல் முடிவு நல்லபடியாக வந்ததற்குக் காரணம் அவர்கள் போட்டுக்கொண்ட வேலி. அரைமணி நேரம் சொட்டை ஊறவிட வேண்டும். அப்புறம் சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் வீதம் அரைமணி நேரம் ஒளி, மொத்தம் 5.4 ஜூல். மேல்தோல் போன பிறகு கருவிழி 400 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. இந்த 400 என்பது ஏதோ வசதிக்காகப் போட்ட எண் இல்லை. அந்தத் தடிமன் இருந்தால், ஊறியிருக்கிற வைட்டமினே ஒளியின் பெரும்பகுதியைக் குடித்துவிடும், எண்டோதீலியத்தைத் தொடும்போது அது கெடுதல் செய்யும் அளவுக்குக் கீழே வந்திருக்கும். அதாவது அந்த மஞ்சள் சொட்டு மருந்துதான், கேடயமும் அதுதான். ஊறவிடுகிற அரைமணி நேரத்தைச் சுருக்கினால் இரண்டும் குறையும்.

ஆகவே "உங்க பிள்ளைக்கு இத்தனை மைக்ரான் இருக்கு, மேல்தோலை எடுத்தப்புறம் இத்தனை இருக்கும், 400-க்கு மேலேதான், அதனால செய்யலாம்" என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பதில் உங்களுக்கு என்ன சிரமம்? பென்டாகேம் (கருவிழியைப் படமெடுத்து அளக்கிற கருவி) எடுத்த தாளில் அந்த எண் இருக்கிறது, எனக்குத் தெரியும். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் படம் போட்ட தாளை நாலாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் எந்த எண் எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது. சிவப்பு இருந்தால் கண் புண்ணாகிவிட்டது என்று நினைத்து அழுத தாயை நான் பார்த்திருக்கிறேன். மெல்லிய பகுதியைக் காட்டுகிற எண்ணைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கொடுங்கள், போதும்.

400-க்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கும் இன்றைக்கு வழி இருக்கிறது. கருவிழியைத் தற்காலிகமாக உப்பவைக்கிற வேறு வகை ரைபோஃபிளேவின் கரைசலை 2009-இல் ஃபர்ஹாத் ஹாஃபெசி குழு எழுதியது. நம் சென்னையிலேயே டாக்டர் சூசன் ஜேக்கப் குழு, ரைபோஃபிளேவினில் ஊறவைத்த கான்டாக்ட் லென்ஸை மேலே வைத்துத் தடிமனைக் கூட்டிக்கொள்ளும் முறையை 2014-இல் வெளியிட்டது. நம் மாநிலத்தில் பிறந்த முறை, எனக்கு அதில் பெருமைதான். ஆனால் இப்படி மாற்றுவழியில் செய்யப்போவதாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். வழக்கமான முறை என்று நினைத்துக்கொண்டு வீட்டார் கையெழுத்துப் போடக்கூடாது.

வேகமான முறையைப் பற்றியும் அப்படித்தான். ஒளியின் வலுவைக் கூட்டி நேரத்தைக் குறைத்து, 9 மில்லிவாட்டில் 10 நிமிடம், 30 மில்லிவாட்டில் 3 நிமிடம் என்று செய்கிறார்கள். கணக்குப்படி மொத்தம் அதே 5.4 ஜூல்தான். ஆனால் இந்த வினை நடக்க ஆக்சிஜன் வேண்டும், வேகம் கூடக்கூட ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, பிணைப்பு அவ்வளவு ஆழத்துக்கு இறங்குவதில்லை. பத்து நிமிட முறைக்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன, ஒரு சின்னப் பிள்ளையை ஒருமணி நேரம் அசையாமல் படுக்கவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் புரிகிறது. எந்த முறை, ஏன் அந்த முறை என்று இரண்டு வரி எழுதினால் போதும் என்கிறேன்.

இப்போது என் கவுண்டருக்கு வருகிறேன், ஏனென்றால் என்னை இந்த மடலை எழுதவைத்தது இந்தப் பகுதிதான். ஒளி வைத்து முடித்து நீங்கள் அனுப்பிவிட்ட பிறகு, மேல்தோல் மூடி வருகிற அந்த நாலைந்து நாள்தான் இந்த சிகிச்சையில் மிகவும் ஆபத்தான காலம். கண் அப்போது திறந்த புண். மேலே ஒரு பேண்டேஜ் லென்ஸ் (புண் ஆறும்வரை கருவிழியை மூடிவைக்கிற கான்டாக்ட் லென்ஸ்), அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்த நாட்களில் பிள்ளை உங்கள் மருத்துவமனையில் இல்லை, பாப்பாக்குடியிலோ இடைகாலிலோ ஓட்டு வீட்டுத் திண்ணையில், கண்ணைத் திறக்கமுடியாமல், நீர் வடிய, துண்டைப் போட்டு மூடிக்கொண்டு படுத்திருக்கிறது.

எங்கள் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் அதிகம். ஒரு அக்கா பிள்ளையின் சொட்டுமருந்தை வாங்க வந்தார், எப்படி விடுகிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். மடியில் முறத்தை வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நேரமாகிவிட்டது என்று எழுந்துபோய் விடுவாராம். கையைச் சேலையில் துடைத்துக்கொள்வாராம். அவர் விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் புகையிலைத் தூள் அப்பியிருப்பது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விடவேண்டும், பாட்டில் முனை இமையில் படக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அல்லது சொல்லியிருப்பார்கள், அந்த நேரத்துப் பதற்றத்தில் காதில் ஏறியிருக்காது. இரண்டும் ஒன்றுதான். தாளில் இருந்தால் நான் வாசித்துக் காட்டியிருப்பேன்.

இன்னொருவர் வந்து, லென்ஸ் கீழே விழுந்துவிட்டது, டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறோம், திரும்ப வைக்கலாமா என்று கேட்டார். வயிற்றில் புளியைக் கரைத்தது எனக்கு. வைக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள் என்று பஸ் ஏற்றிவிட்டேன். தண்ணீர் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இதைச் செய்துகொண்ட ஒரு நோயாளி, கண்ணில் லென்ஸ் இருக்கிறது என்று தெரியாமலே குழாய்த் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கண்ணைக் கழுவி, அகந்தமீபா என்கிற கிருமி தொற்றிக் கருவிழியே ஓட்டை விழுந்த கதையை 2009-இல் இத்தாலிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இத்தாலியில் குழாய்த் தண்ணீருக்கே அப்படி என்றால், தாமிரபரணியில் இறங்கி முங்கி எழுந்தால்தான் குளித்த மாதிரி என்று நினைக்கிற எங்கள் ஊரில் என்ன ஆகும்? கால்வாய், கிணறு, குளம் எதிலும் குளிக்கக் கூடாது, முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவக் கூடாது, எத்தனை நாளைக்கு என்பதையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் போடுங்கள். "தலைக்குக் குளிக்காதீங்க" என்று மட்டும் சொன்னால், கழுத்து வரைக்கும் ஆற்றில் நிற்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

வலியைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். என் மருமகனுக்கு முதல் ராத்திரி வலி தாங்கவில்லை. செய்தது ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் இங்கே தேவையில்லை. "லேசா உறுத்தும்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பையன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு துடிக்கிறான், என் தங்கை கண்ணே போய்விட்டது என்று அழுகிறாள், டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மேல்தோல் இல்லாத கண் முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகவே வலிக்கும், அது எதிர்பார்த்ததுதான், கொடுத்த மாத்திரையைப் போடுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தால் அந்த ராத்திரி வேறு மாதிரி கழிந்திருக்கும். அதைவிட முக்கியமானது, எந்த வலி இயல்பு, எந்த வலி ஆபத்து என்கிற வித்தியாசம். நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடினால், சிவப்பு ஏறினால், சீழ் தள்ளினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் வரவேண்டும் என்பது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டிய செய்தி.

எண்களைச் சொன்னால் மக்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. சூரிக்கில் சைலரும் மற்றவர்களும் 99 பேரின் 117 கண்களைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட கணக்கில், பார்வைப் பலகையில் இரண்டு வரியோ அதற்கு மேலோ இழந்தவர்கள் 2.9 சதவீதம், சிகிச்சைக்குப் பிறகும் நோய் நிற்காதவர்கள் 7.6 சதவீதம். யாருக்குச் சிக்கல் கூடுதல் என்றும் அதிலேயே பார்த்தார்கள்: 35 வயதைத் தாண்டியவர்கள், ஏற்கெனவே நல்ல பார்வை இருப்பவர்கள். கூம்பு 58 டயாப்டருக்கு (கருவிழியின் வளைவைச் சொல்கிற அலகு) மேல் ஏறிவிட்ட கண்களில் சிகிச்சை தோற்பதும் கூடுதலாக இருந்தது. நூறு பேரில் மூன்று பேருக்கு இப்படி ஆகலாம், உங்கள் பிள்ளையின் கண்ணுக்கு எந்தப் பக்கம் வாய்ப்பு அதிகம் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். விதைப்பில் எத்தனை பழுது, கடனில் எத்தனை வட்டி என்று தினமும் கணக்குப் போட்டு வாழ்கிறவர்கள் அவர்கள். மூடி மறைத்துவிட்டு, அந்த மூன்றில் ஒன்று ஒரு தெருவில் நடந்துவிட்டால், அந்தத் தெருவிலிருந்து அப்புறம் ஒரு பிள்ளையும் சிகிச்சைக்கு வராது. "கண்ணுல கரண்டு வச்சுக் கருக்கிட்டாங்க" என்கிற பேச்சு எப்படிப் பரவுகிறது என்பது கடையில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கத்து எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்கு இன்னும் வலு அதிகம். பிரிட்டனில் 10 முதல் 16 வயதுப் பிள்ளைகள் 60 பேரை வைத்து நடந்த கெராலிங்க் ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. கண்ணாடி, லென்ஸ் மட்டும் கொடுக்கப்பட்ட பிள்ளைகளில் 43 சதவீதம் பேருக்கு 18 மாதத்தில் நோய் கூடியது. சி3ஆர் செய்துகொண்டவர்களில் 7 சதவீதம். பிள்ளை வயதில் இந்த நோய் ஓட்டமாக ஓடும் என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்லவேண்டும்? பரீட்சை முடியட்டும், அக்கா கல்யாணம் முடியட்டும், கோயில் கொடை முடியட்டும் என்று நாள் தள்ளுகிற வீட்டாரிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லிப் பாருங்கள்.

கண்ணைக் கசக்குவது பற்றியும் ஒரு பத்தி வேண்டும், பெரிய பத்தியாகவே வேண்டும். அலர்ஜியால் கண் அரித்து, முட்டியை மடக்கிக் கசக்கு கசக்கென்று கசக்குகிற பிள்ளைகளுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது, கூடவும் செய்கிறது. ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் அடிக்கிற காற்றுக்கு யார் கண்ணில்தான் மண் விழாது? சிகிச்சைக்குப் பிறகும் கசக்கினால் செய்த வேலை வீணாகலாம். முதலில் அரிப்பை அடக்கவேண்டும். அந்த அரிப்புக்கு எங்கள் மாதிரிக் கடைகளில் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு கேட்டு வருகிறார்கள், கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. கண் அழுத்தம் ஏறும், புரை விழும் என்று தெரிந்தும் கொடுக்கிறார்கள். இது என் தொழிலின் தவறு, மெடிக்கல் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் இதன் மூலம் சொல்கிறேன்: கொடுக்காதீர்கள். மருத்துவர்களே, நீங்களும் சீட்டில் எந்தச் சொட்டு ஸ்டீராய்டு, எந்தத் தேதியோடு நிறுத்தவேண்டும் என்று எழுதிவிடுங்கள். சி3ஆருக்குப் பிறகு கொடுக்கிற ஸ்டீராய்டை, நன்றாக இருக்கிறது என்று மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்த பையனை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சிகிச்சைக்குப் பிறகு சில மாதம் கருவிழியில் லேசான மூட்டம் இருக்கும், பார்வை முதலில் குறைந்தே தெரியும், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தெளியும் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அக்கி மாதிரி ஹெர்பீஸ் புண் முன்பு கண்ணில் வந்ததுண்டா என்று கேட்கிற ஒரு கேள்வியையும் சேருங்கள், ஏனென்றால் இந்த ஒளி அதைத் திரும்பத் தட்டி எழுப்பலாம்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டிய பரிசோதனைக்கு எல்லோரும் பாளையங்கோட்டைக்கோ ஜங்ஷனுக்கோ வந்துதான் காட்டவேண்டுமா என்றும் யோசியுங்கள். ஒரு நாள் கூலி போகிறது, கூட வருகிறவர் கூலியும் போகிறது, வெயிலிலும் புழுதியிலும் பஸ்ஸில் வருவது திறந்த கண்ணுக்கு நல்லதில்லை. சின்ன ஊர்களில் பார்வை மையங்கள் வந்துவிட்டன, அங்கே படமெடுத்து அனுப்பினால் மருத்துவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கிறார். லென்ஸ் எடுக்கிற நாளுக்கு மட்டும் நேரில் வரட்டும், நடுவில் ஒரு நாள் அங்கே காட்டினால் போதும் என்று ஏற்பாடு செய்ய முடியுமா?

பள்ளிக்கூடம் லீவு விடுகிற சித்திரை, வைகாசியில்தான் நிறையப் பிள்ளைகளுக்கு நாள் குறிக்கிறீர்கள். அதற்குள் இந்தத் தாள் தயாராகவேண்டும். மருத்துவ விஷயத்தை நீங்கள் எழுதிக் கொடுத்தால், வீட்டில் பேசுகிற தமிழில் மாற்றித் தர நானும் என்னைப் போன்ற மெடிக்கல்காரர்கள் சிலரும் தயார். அச்சானதும் முக்கூடல், பாப்பாக்குடி, சேரன்மகாதேவி, அம்பை, களக்காடு வரைக்கும் கடைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிற அந்த எண்ணுக்கு, ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு நீங்களே போன் போட்டுப் பாருங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால், மறுநாள் காலையிலேயே அதற்கு ஒரு ஆளைப் போடுங்கள்.

இப்படிக்கு,
முக்கூடலிலிருந்து ஒரு மெடிக்கல் கடைக்காரர்